டாக்டரம்மா சொல்லாத ‘நான்’

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டவள் பதினான்கு மாதம் ஒரு தாயையும் மகனையும் ஏமாற்றியிருக்கிறாள். அதற்கு வழி சொல்லிக்கொடுத்த மேதாவி நான்தான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பகீரென்கிறது.

அக்கா, நோயாளிகளின் வீட்டிலேயே தங்கிக் கவனிக்கும் நர்ஸ். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டுவாள், நோயாளியைப் புரட்டும்போது கீறிவிடக் கூடாதாம். அவள் கவனித்த யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. இதை மட்டும் கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்லுவாள்.

கடைசியாக அவள் பார்த்துக்கொண்டது ஓய்வுபெற்ற பல் டாக்டரம்மா ஒருவரை. முப்பது வருடம் “வாயைத் திற, நல்லாத் திற” என்று அடுத்தவரை அதட்டிய மனுஷிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. காது கேட்கும், எல்லாம் புரியும், வார்த்தைதான் வராது. ஒரே மகன், வெளிநாட்டில். ஆரம்பத்தில் வீடியோவில் கூப்பிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா அழுவார். நான்காம் நாள் அவன், “சிஸ்டர், என்னால பார்க்க முடியல. நீங்க தினமும் எழுதி அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டான்.

அக்கா எழுதினாள். ‘அம்மா இன்று இரண்டு ரொட்டி சாப்பிட்டார். பிரஷர் பரவாயில்லை. மலம் போயிற்று.’ பையனிடமிருந்து ஒற்றைச் சொல் பதில்: ‘ஓகே.’

நான் பள்ளியில் மொழிப்பாடம் எடுப்பவள். ‘கதையை யார் சொல்கிறார்’ என்பதை வருடாவருடம் ஒன்பதாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவேன். ‘அவர்’ என்று சொன்னால் வாசகர் வாசலிலேயே நிற்பார், ‘நான்’ என்று சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடுவார் என்பேன். அந்தப் பெருமையில் அக்காவிடமும் வாயை விட்டேன்.

“என்னடி இது, தண்ணி வண்டிக்காரன் ரசீது மாதிரி எழுதுற! அவங்களாவே மாறி எழுது. ‘நான்’னு ஆரம்பி.”

மறுநாள் எழுதினாள். ‘கண்ணா, இன்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன்.’ அம்மாவே இடது கையால் தட்டியதென்று நம்பி அடுத்த நிமிடம் பதினோரு வரி பதில் அனுப்பினான்! அக்கா என்னிடம் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் அந்த விஷயத்தையே மறந்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் இரண்டு முறை வந்து, மெல்ல மெல்ல ஒற்றை வார்த்தைகள் திரும்ப ஆரம்பித்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டரம்மா வீட்டுக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வாசல் கதவையே பார்த்தார். உதடு இழுத்துக்கொண்டு நடுங்கியது.

“அவன்... ஏன்... வரல?”

“முழுசாப் பேசிட்டீங்கம்மா!” என்று அக்கா பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதானே, ஏன் வரல?” என்று நானும் கேட்டேன். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆயின. அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், கையிலிருந்த போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

மூன்று தடவை கேட்டிருக்கிறான். ‘அம்மா, டிக்கெட் போடவா?’ மூன்று தடவையும் ஒரே பதில். ‘வேண்டாம் கண்ணா. வேலையைக் கெடுத்துக்கொண்டு அலையாதே. நான் நன்றாக இருக்கிறேன்.’ கடைசியில் அவன், ‘உடம்பு முடியாமப் போனப்புறம் ரொம்ப சாதுவாயிட்டீங்கம்மா’ என்று வேறு எழுதியிருந்தான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அடிப்பாவி! அவங்களைக் கேட்டியா?”

“அவங்களுக்குத்தான் பேச்சு வராதே.”

“தலையாட்ட வரும்ல?”

“எந்த அம்மாடி பிள்ளையை அலைய விடுவா? நம்ம அம்மா இருந்தா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பாங்க?”

நம்ம அம்மா! செத்து ஒன்பது வருடமான எங்கள் அம்மாவை அல்லவா இவள் அந்த ‘நானு’க்குள் உட்கார வைத்திருக்கிறாள்! அந்த மகனும் பதினான்கு மாதமாக எங்கள் அம்மாவிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். ‘நான்’ என்று எழுதக் கற்றுக்கொடுத்த நான், யாராக எழுதுகிறோமோ அவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொல்லவே இல்லை. என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

“போய் அவங்ககிட்ட படிச்சுக் காட்டு. இப்பவே” என்றேன்.

அக்கா கட்டிலருகே நின்று மூன்றையும் படித்தாள். டாக்டரம்மா கண்ணை மூடாமல் கேட்டார்.

“நான்... சொல்லல” என்றார்.

அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் இடது கையால் போனைத் தட்டினார். “எழுது. வா.”

அக்கா எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில், “கண்ணான்னு சேர்க்கட்டுமாம்மா?” என்றாள்.

“சீ!”

‘வா’ என்று மட்டும் போயிற்று. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. போனை வாங்கி நான்தான் படித்தேன். ‘யார் இது? எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க. சிஸ்டர் எங்கே? அவங்க போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?’

ஐயோ கடவுளே! அந்த அம்மா சொல்லி அவனுக்குப் போன ஒரே நிஜ வார்த்தை அது. அதைத்தான் அவன் நம்பவில்லை. டாக்டரம்மா என்னை முறைத்தார். அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஹலோ, யார் பேசுறது? ஹலோ!”

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் வாயை உள்ளங்கையால் பொத்தினேன். டாக்டரம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கட் செய்துவிடுவானோ என்று எனக்கு உயிரே போயிற்று.

“டேய்... தடியா... நான்டா.”

அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆம்பளை தேம்பித் தேம்பி அழுவது கேட்டது.

ஆறாம் நாள் வந்து இறங்கினான். அக்கா வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாளாம். அன்று சாயங்காலமே பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரு புண்ணு வராம பார்த்துக்கிட்டவளை வெளிய அனுப்பிட்டானா? எழுதச் சொன்னது நான்தான்னு நானே போய்ச் சொல்றேன், இரு.”

“அவன் ஒண்ணும் சொல்லலடி. அவங்கதான் சொன்னாங்க, ‘போ’ன்னு.” மடித்த யூனிஃபார்மை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அழுதாள், அழுகைக்கு நடுவே சிரிக்கவும் செய்தாள். “எவ்வளவு தெளிவா வந்துச்சு தெரியுமா!”