கரட்டு மேல கல்யாணம், மேற்கே மேகம்

வெட்டவெளியில் கல்யாணம் நடத்திக் கொடுப்பது என் தொழில். அதாவது, கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதைவிட அதிக நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. பந்தல்காரர், செங்கல் காயவைப்பவர், வடகம் பிழிகிறவர் என்று வானத்தை நம்பிப் பிழைக்கிற யாராக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாமலோ, தெரிந்தும் சம்மதம் கிடைக்காமலோ கல்யாணம் செய்துகொள்கிறவர்கள். பெங்களூரில் வேலை பார்ப்பார்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு ஆறாது. நல்ல இடத்தில் நின்று மாலை மாற்ற வேண்டும், தாலி கட்ட வேண்டும். மண்டபம் என்றால் சேதி ஊருக்குப் போய்விடும். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத கரடு என்கிற சின்னக் குன்று, மொட்டைப் பாறை, விதைக்காமல் கிடக்கிற மேட்டுக்காடு. போட்டோவைப் பார்த்துவிட்டு "ராஜஸ்தான் பாலைவனமா?" என்று கேட்கிறார்கள். நம்ம தர்மபுரி மாவட்டம்தாங்க. வருஷம் பூரா காய்ந்து கிடக்கும். நாம் பந்தக்கால் நட்டால் மட்டும் மேகம் கூடும்.

இரண்டு வேண்டுதல்

என்னோடு எல்லா வேலைக்கும் நிற்பவர் முருகேசன். பந்தல் போடுவார், வண்டி ஓட்டுவார். ஏரியூரில் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. ஒரு வருஷம் ராகி போட்டிருந்தார். அந்த ராகிக் காட்டை ஒட்டிய பாறையிலேயே ஒரு கல்யாணம் வைத்தோம். மாலை மாற்றுகிற நேரத்தில் மேற்கே கருக்க ஆரம்பித்தது. 'இன்னிக்கு மட்டும் வேண்டாம் சாமி' என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் முருகேசனும் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

"எனக்காக நீங்களும் வேண்டிக்கிறீங்களா?" என்றேன். அவர் தண்ணியில்லாமல் இலை சுருண்டு நின்ற ராகிப் பயிரைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் காற்று அடித்து மேகத்தைக் கலைத்துக்கொண்டு போய்விட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் கைதட்டிக் குதித்தார்கள். முருகேசன் பந்தல் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார்: "உங்க சாமி கெட்டிக்கார சாமிங்க. எங்க சாமிகிட்டயும் கொஞ்சம் பேசச் சொல்லுங்க."

தக்காளி வாசம்

மழைக்கு என் முதல் ஏற்பாடு தார்ப்பாய். ஒருமுறை எங்களுடையது கிழிந்துபோய்விட, பாலக்கோடு மார்க்கெட்டில் தெரிந்தவரிடம் தக்காளி லோடுக்கு மூடுகிற தார்ப்பாயை முருகேசன் வாங்கி வந்தார். அன்றைய கல்யாணப் பெண் கீர்த்தனா அதைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தாள். "அக்கா, போட்டோல மட்டும் அது வந்துடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வண்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம்.

தாலி கட்டி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தார்ப்பாயைத் தலைக்கு மேல் தூக்கினோம். நசுங்கிய தக்காளியின் புளிச்ச வாடை குப்பென்று அடித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. அவள் அப்பா பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விவசாயி என்றும், இந்தக் கல்யாணப் பேச்சை எடுத்த நாளிலிருந்து மகளிடம் பேசுவதில்லை என்றும் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். மழை விட்டதும் முருகேசன் மடிக்கப் போனார். அவள் விடவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்கண்ணா. எங்கப்பா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தா வூடு பூரா இந்த வாசம்தான் அடிக்கும்."

மொரப்பூர் ரயில்

இது மொரப்பூர்ப் பக்கம் ஒரு கரட்டில் நடந்தது. பெண் பெயர் சுதா. சேலத்தில் இருக்கிற அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணி இடத்தைச் சொல்லியிருந்தாள். அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டார். "காலை ரயில்ல வந்தாலும் வருவாங்க" என்று சுதா நம்பிக்கொண்டிருந்தாள். முருகேசன் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் வந்தது, போனது. அம்மா இறங்கவில்லை.

மேகம் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. "இப்பவே தாலியக் கட்டிடலாம்மா, மழை வந்துட்டா பாறை வழுக்கும்" என்றேன். "அடுத்த வண்டி வரைக்கும் அக்கா" என்றாள். மாப்பிள்ளை பாவம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விடாமல் அவசரப்படுத்தினேன். கடைசியில் தூறலிலேயே தாலி ஏறியது. பெண் பாதையைப் பார்த்துக்கொண்டேதான் கழுத்தை நீட்டினாள்.

பெருமழை இறங்கிய பிறகு கீழே ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓர் அம்மாள் குடை பிடித்தபடி, வழுக்குகிற பாறையில் தட்டுத்தடுமாறி ஏறி வந்தார். அக்குளில் இன்னொரு குடை. சுதா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அந்த அம்மாள் மகளின் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து விறைப்பாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் கல்யாணத்துக்கு வரலைங்க. மேகம் கட்டியிருக்கே, புள்ள நனையுமேன்னு குடை குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வெளியே பிடித்த போன்

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். இந்த வருஷம் வருகிறேன் என்றவருக்கு லீவு தள்ளிப்போய்விட்டது. ஒரு நாள் மழையில் கல்யாணமே குலைந்து, பக்கத்துத் தோட்டத்தில் காலியாக இருந்த பட்டுப்புழு ஷெட்டுக்கு எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனோம். புழு தின்றுபோட்ட மல்பெரிச் சக்கைக்கு நடுவே மாலை மாற்றினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவர் வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல், வெயில்.

நான் வழக்கம்போல மழையைத் திட்டித் தீர்த்தேன். பந்தல் போச்சு, பூவெல்லாம் போச்சு என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "போனைக் கொஞ்சம் வெளிய புடி புள்ள" என்றார். கூரைத் தகரத்திலிருந்து கொட்டுகிற தண்ணிப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கை வலிக்கிறவரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "என்னங்க, இருக்கீங்களா?" என்றேன். "இருக்கேன். நீ பேசாத, அது பேசட்டும்."

மழை வந்தால் என்ன செய்வது என்று இத்தனை நாளில் நன்றாகவே கற்றுக்கொண்டேன். வர வேண்டியவர்கள் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.