கல்லில் இல்லாத நாய்

விளக்குக் கரியும் பிசினும் கலந்த மையின் வாடை அப்பாவின் விரல்களை விட்டு ஒருநாளும் போனதில்லை. எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர் பிசைந்து தரும் சோற்றில் அது லேசாக இருக்கும். சுதந்திரம் வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மைசூரில் கல்வெட்டுகளைப் படித்து எழுதும் ஓர் அலுவலகத்தில் அப்பா படி எடுக்கும் ஆள். கல்லின் மேல் நனைந்த தாளை ஒட்டி, பள்ளங்களில் இறங்கும்படி தூரிகையால் தட்டி, துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய "பொட்டணத்தை" மையில் தொட்டு ஒற்றுவார்; மேடாக இருப்பதெல்லாம் தாளில் கறுப்பாக வரும். "எனக்கு எழுத்து தெரியாது, என் கைக்குத் தெரியும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை, நஞ்சன்கூடு பக்கத்து ஏரிக்கரையில் நின்ற வீரக்கல் ஒன்றைப் படி எடுத்து வந்தார். மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு வைத்த கல். அலுவலகம் மூடியிருந்ததால் தாளை வீட்டிலேயே விரித்து வைத்தார். மறுநாள் எல்லோரும் மாதா கோயில் பூசைக்குப் போய்விட, காய்ச்சலோடு நான் மட்டும் வீட்டில் இருந்தேன். எட்டு வயது. தாளில், விழுந்து கிடந்த வீரனின் காலடியில் வெறும் இடம் இருந்தது. பொட்டணத்தில் மை காயாமல் இருந்தது. சுருண்ட வாலோடு ஒரு நாயை அங்கே ஒற்றி வைத்தேன். அவன் துணையில்லாமல் கிடப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அப்பா அவசரத்தில் தாளைப் பார்க்காமலே சுருட்டிக்கொண்டு போனார். மாலையில் அம்மாவிடம் சொன்னார்: "ஆபீசர் சார் என்னை நாற்காலியில உக்காரச் சொல்லிட்டாரு. இந்த நாய் கல்லுல இருந்துதா அந்தோணின்னு கேட்டாரு. இருந்துச்சு சார், கையில தட்டுப்பட்டுச்சுன்னேன்."

அதிகாரியைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாயின் காதோரம் கொஞ்சம் உடைந்திருந்தது என்று இன்னொரு நாள் சொன்னார். நான் ஒற்றிய நாய்க்கு உடைந்த காது கிடையாது. அதைத் தொட்டதாகவே அவர் நம்புகிறார் என்று அப்போது புரிந்தது.

அதிகாரி கல்லை நேரில் பார்க்கக் கிளம்பியபோது, அப்பா அவரிடம் கேட்டு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். "நீயும் வாடா, அப்பா கண்டுபிடிச்சதைப் பாரு." இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு கல் இதுவரை கிடைத்ததில்லை என்று வழியெல்லாம் அதிகாரி பேசிக்கொண்டே வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை.

கல்லின் முன் இருவரும் வெகுநேரம் நின்றார்கள். அப்பா வீரனின் காலடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு கல்லின் பின்பக்கம் போய் அங்கேயும் தடவினார். "இங்கதான் சார் இருந்துச்சு."

"விடு அந்தோணி. எத்தனையோ கல்லுப் பாத்த கை. வேற எங்கயோ பாத்ததா இருக்கும்" என்றார் அதிகாரி. சிவப்புப் பென்சிலை எடுத்துத் தாளில் நாயின் மேல் ஒரு கோடு போட்டார். அவர் திட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

செய்தி எங்கள் வரிசை வீடுகளுக்கும் வந்தது. "அந்தோணியண்ணே, நாய் ஓடிப்போச்சாமே, கட்டிப்போட்டு வளக்க வேணாமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவரை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. அவராகவே போய், இனி என் கையை நம்ப முடியாது சார் என்று சொல்லி, அதே அலுவலகத்தில் காவல்காரராக மாறிக்கொண்டார். சம்பளம் குறைந்ததால் நான் ஐந்தாவதோடு நின்று ஊதுபத்தி வேலைக்குப் போனேன்.

இப்போது அந்த ஏரி மண் கொட்டி மூடப்பட்டு வீடுகளாகிவிட்டது. போன வருடம் போய் விசாரித்தேன். கல்லைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அப்பாவும் இல்லை. கடைசி வருடங்களில் அவர் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "பூட்டியிருக்கா, நீ பாத்துச் சொல்லுப்பா" என்று என்னைக் கூப்பிடுவார். பார்த்து, பூட்டியிருக்கிறது என்று சொல்வேன். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

அன்று ஜீப்பில் சொல்லியிருந்தால் இரண்டு அடி விழுந்திருக்கும். மறுநாள் காலையில் அவர் தூரிகையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்.