கொன்டெய்னருக்குள் போன கிற்றார்

பத்து வயதில், ஒஸ்லோ புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் நான்தான் அதிகாரி. பஸ் ஓட்டுகிற அப்பாவுக்கு நொர்வேஜிய மொழி வாசிக்கத் தெரியும், ஆனால் வேலை முடிந்து வந்தால் எழுத்தைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். அம்மாவோ உறையைப் பிரிக்காமலே என் மேசையில் வைத்துவிடுவார். நான் வாசித்து, தமிழில் சுருக்கிச் சொல்லி, யாரும் கேட்காத ஆலோசனையும் வழங்குவேன். அந்தத் தலைக்கனத்துக்கு ஒரு சனிக்கிழமை நல்ல அடி விழுந்தது.

பனி கரைந்ததும் எங்கள் குடியிருப்பில் டுக்னாட் நடக்கும். எல்லா வீட்டாரும் ஒரு சனிக்கிழமை கீழே இறங்கி, வளவைக் கூட்டி, குப்பை வாரி, கடைசியில் ஒன்றாக நின்று சொசேஜ் சாப்பிடுவார்கள். வராதவர்களை யாரும் ஏசுவதில்லை. லிஃப்டில் கண்டால் தரையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் நிலவறையையும் துப்புரவாக்கப் போவதாகக் கடிதம் வந்தது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் போட்டுவைக்க ஓர் அறை உண்டு. எறிய வேண்டியவற்றில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, கதவைத் திறந்துவிட்டால் பெடியள் வந்து தூக்கிப்போய் முற்றத்துக் கொன்டெய்னரில் போடுவார்கள். கடிதத்தோடு ஒரு தாள் நிறைய ஸ்டிக்கர் இருந்தது. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவோடு இறங்கினேன். நிலவறை விளக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். அப்பா போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வருவதற்குள் நான் இருட்டிலேயே தடவித் தடவி ஒட்டிக்கொண்டிருந்தேன். பழைய மெத்தை, நான் கிடந்து வளர்ந்த தள்ளுவண்டி, உடைந்த பனிச்சறுக்குக் கட்டைகள் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் சிவப்பாயிற்று. பிறகு அப்பா என்னை மேலே போய்ச் சாப்பிடச் சொன்னார். கதவைத் திறந்துவிட்டுத் தான் வருவதாகச் சொன்னார். மிச்ச ஸ்டிக்கர்களைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு ஓடினேன்.

அந்த அறையின் மேல்தட்டில், கூரையை முட்டிக்கொண்டு, ஒரு நீளக் கறுப்புப் பெட்டி கிடந்தது. அப்பாவின் பேஸ் கிற்றார். வாளியைக் கவிழ்த்து அதில் ஏறி நின்றுதான் அப்பா அதை அங்கே வைத்தவர். அதற்கு முன் அது வரவேற்பறையில் இருந்தது. அப்பா வாசிக்கும்போது நான் பெட்டியின் சிவப்பு வெல்வெட்டுக்குள் படுத்துக்கொள்வேன். அந்த ஓசை காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வரும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பாடுவார். ஒஸ்லோவில் கலியாண வீடோ பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடோ, அவர்கள் இரண்டு பேரும் இல்லாமல் மேடை இல்லை. ஒரு கலியாண வீட்டில் மேடைக்குப் பின்னால் இரண்டு பேருக்கும் ஏதோ வாய்த்தர்க்கம். மாமா தூரத்து ஸ்தவாங்கர் நகரத்துக்கு வேலை எடுத்துக்கொண்டு போனார். கிற்றார் நிலவறைக்குப் போனது. அதன்பிறகு நான்கு வருடம் எங்கள் வீட்டில் மாமாவின் பெயரை யாரும் எடுத்ததில்லை.

சனிக்கிழமை அப்பாவுக்கு இரண்டு மணி வரை வேலை. ஒரு மணிக்கு லொறி வந்து கொன்டெய்னரை ஏற்றிப் போகும் என்பது கடிதத்தில் இருந்தது, அதை நானே வீட்டில் இரண்டு தரம் அறிவித்திருந்தேன். கையில் சொசேஜோடு கொன்டெய்னரைச் சுற்றி வந்தவள், எங்கள் மெத்தைக்கு அடியில் ஒரு கறுப்பு மூலையைக் கண்டேன். பித்தளைப் பூட்டு. பக்கத்தில் வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர். இருட்டில் கை மாறி ஒட்டித் தொலைத்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன், வேறு எதை நினைக்க?

ஏறப் போனேன். மஞ்சள் அங்கி போட்ட குடியிருப்புச் சங்கத் தலைவி என் கொலரைப் பிடித்து இறக்கினார். பிள்ளைகள் கொன்டெய்னரில் ஏறக்கூடாது, ஸ்டிக்கர் இருந்தால் அது வீட்டார் எடுத்த முடிவு, வேண்டுமானால் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றார். சரியான கதைதான், ஆனால் அதற்குள் லொறி வந்துவிட்டது. பின்பக்கமாக அது பீப் பீப் என்று வரத்தொடங்க, நான் லிஃப்டுக்குக் காத்திராமல் நான்கு மாடியும் படியால் ஓடினேன்.

அம்மா டுக்னாட் மேசைக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு, மாக் கையோடும் வீட்டுச் சட்டையோடும் அப்படியே இறங்கினார். நாங்கள் போகும்போது சங்கிலியின் ஒரு கொளுக்கி மாட்டியாகிவிட்டது. வெளியாட்களோடு நொர்வேஜிய மொழியில் வாயே திறக்காத என் அம்மா, லொறிக்காரனைப் பார்த்துக் கையை நீட்டி, நில் என்று கத்தினார். யாரோ எறிந்த கதிரையை இழுத்துப் போட்டு, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொன்டெய்னருக்குள் ஏறினார். முழுக் குடியிருப்பும் சொசேஜும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. மெத்தையைப் புரட்டிப் பெட்டியை இழுத்தெடுத்தவர், அந்தச் சிவப்பு வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகத்தால் உரித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அப்பா வந்தால் நீ ஒண்டும் கதையாதை," என்றார் படியேறும்போது.

நான் கதைக்காமல் இருக்கிற ஆளா? இரண்டரைக்கு அப்பா உள்ளே வந்தார். சோஃபாவில் கிடந்த பெட்டியைக் கண்டதும் சீருடையைக்கூடக் கழற்றாமல் நின்றார். முகம் கறுத்துவிட்டது. குசினியில் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு ரோல்ஸைப் புரட்டினார். என்னால் தாங்க முடியவில்லை, அழுகை வெடித்தது.

"நான்தான் அப்பா. இருட்டிலை மாறி ஒட்டிப்போட்டன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தார். என் பக்கத்தில் குந்தி இருந்து, என் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"இல்லைப் பிள்ளை. பிழை என்ரை."

என் அப்பாவைப்போல் நல்ல மனிதர் உலகத்தில் இல்லை என்று அந்தக் கணம் நினைத்தேன். பிள்ளையின் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே!

அப்பா பெட்டியைத் திறந்தார். வெல்வெட்டில் பூஞ்சண மணம். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. முறுக்காணிகளை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு கம்பியாகச் சுருதிக்குக் கொண்டுவந்தார். ஒலிபெருக்கி எப்போதோ விற்றாகிவிட்டது. அதனால் கிற்றாரின் தலையை அலுமாரிக் கதவில் முட்டக் கொடுத்து ஒரு கம்பியைத் தட்டினார். அலுமாரி முழுதும் அதிர்ந்தது. உள்ளே கோப்பைகள் கிணுகிணுத்தன. என் வயிற்றுக்கு அந்த ஓசை வந்து சேர்ந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, முதலில் தடுமாறி, பிறகு தடுமாறாமல் வாசித்தார்.

அம்மா கைத்தொலைபேசியில் ஒரு இலக்கத்தை அழுத்தி, ஒன்றும் பேசாமல் அதை மேசையில் வைத்தார். மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் இருமினார்கள். அம்மா அழைப்பை நிறுத்த மறந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் வாயை மாக் கையால் பொத்தினார்.

அந்தக் கோடையில் மாமா வந்தார்.

போன மாதம் என் மகனுக்குச் சறுக்குவண்டி எடுக்க அந்த நிலவறைக்குப் போனேன். வண்டி மேல்தட்டில் இருந்தது. கையை நீட்டி எட்டிப் பார்த்தேன், விரல் நுனிகூடப் படவில்லை. மூலையில் கிடந்த வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றேன். அப்பொழுதுதான் விளக்கு அணைந்தது. அழுத்தப் போகாமல் அப்படியே வாளியில் நின்றேன். பத்து வயதில் வாளியில் ஏறியிருந்தாலும் மேல்தட்டுப் பெட்டிக்கு என் கை எட்டியிருக்காது. அப்பா அன்றைக்கு எனக்காக எந்தக் குற்றத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.