வெறுங்காலோடு கார் கழுவிய சனிக்கிழமைகள்

என் தங்கையின் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடியே கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லோரியின் மேல் இறக்கும் வேலை. நான் பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனியில் வண்டிகளை அனுப்பிவைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். முறைப்படி அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். தங்கைக்குக் கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் வரை விசேஷ வீடுகளில் பார்த்தால் நலம் விசாரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். இருவரும் ஒரே வருடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பிறகுதான் நெருங்கினோம்.

இரண்டுமே ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே கப்பலேறி வந்தவை. அவருடையது கறுப்பு, இரண்டே இருக்கை. என்னுடையது அதைவிடப் பழையது, வெள்ளை. நாங்கள் அந்தக் கார்களை ஓட்டியதைவிடக் கழுவியதுதான் அதிகம் என்று தங்கை சொல்வாள். உண்மைதான். வாரம் முழுவதும் துணி போர்த்தி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோரிப் கடற்கரைக்கோ, பிரிக்பீல்ட்ஸில் பசியாறவோ ஒருமுறை எடுப்போம். அந்த ஒரு முறைக்காகச் சனிக்கிழமை காலை முழுவதும் கழுவுவோம்.

கழுவுவது கிள்ளானில் அவர் வீட்டில்தான். மூலை வீடு, போர்ச் விசாலமானது. வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும்; சோப்பு காரின் மேல் காய்ந்தால் கறை பிடித்துவிடும். இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கம்பளிக் கையுறையால் ஒரு கதவைத் துடைத்ததும் அதை வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதறிவிட்டுத்தான் மறுபடி சோப்பைத் தொடலாம். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கறுப்புப் பெயிண்டில் வட்டக் கீறல் விழுந்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும். கீழே விழுந்த துணி எவ்வளவு புதியதானாலும் காரின் மேல் படக் கூடாது. செருப்போடு யாரும் போர்ச்சுக்குள் வரவும் கூடாது. செருப்பு மண்ணைக் கொண்டுவரும், மண் வாளிக்குப் போகும், வாளியிலிருந்து காருக்குப் போகும். இது மாப்பிள்ளை போட்ட சட்டம். அதனால் இருவரும் வெறுங்காலோடுதான் கழுவுவோம்.

துறைமுகத்துப் பக்கம் ஓடும் கார்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். இரும்புத் தூள், தார்த் துளி, ஆலைக் கரி. அது சோப்புக்குப் போகாது. க்ளே என்று விற்கும் களிமண் கட்டியால், தண்ணீர் தெளித்துத் தெளித்து மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க மாப்பிள்ளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனிகளால் பெயிண்டைத் தடவுவார். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரியும் இடம்கூடப் பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள் மாதிரி உறுத்தும். "இங்க ஒண்ணு இருக்கு, மச்சான்" என்பார். குனிந்து பார்த்தால் ஊசி முனையளவு துரு இருக்கும்.

முப்பத்தைந்து வயதிலிருந்தே அவருக்கு இனிப்பு நீர் வியாதி. மாத்திரை போட்ட மாதங்களும் உண்டு, போடாத மாதங்களும் உண்டு. பார்வை மங்க ஆரம்பித்ததையும் அவர் வெளியே சொல்லவில்லை. ஒரு நாள் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது கண்டெய்னரின் மூலை இரண்டாகத் தெரிந்திருக்கிறது. அவரே இறங்கி வந்து, இனிமேல் தன்னால் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். லேசர் வைத்தார்கள். இடக்கண் முழுதாகப் போனது. வலக்கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் யாரிடமும் பேசவில்லை. நானும் என்ன பேசுவது என்று தெரியாமல் அங்கே போகாமல் இருந்தேன். தங்கைதான் கூப்பிட்டாள். எப்பவும் போல வாளியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

போனேன். காரின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கழுவினேன், அவர் கையுறையை அலசி அலசிக் கொடுத்தார். கடைசியில் எழுந்து பையை மாட்டிக்கொண்டு காரை முன்னாலிருந்து பின்வரை தடவிப் பார்த்து, கதவின் கைப்பிடிக்குக் கீழே நான் விட்டிருந்த ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். "பாக்குற வேல ஒங்களுது, தொடுற வேல என்னுது" என்றார். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் சிரித்தார் என்று தங்கை பிறகு சொன்னாள்.

அன்றைக்கே சமையலறையில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அவரு எங்கிட்ட எதையும் சொல்ல மாட்டாரு, அண்ணே. கண்ணையே ஒரு வருஷம் மறச்சாரு. ஒனக்கு ஏதாச்சும் வித்தியாசமா பட்டா எங்கிட்ட சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒரு சனிக்கிழமை, காரின் பின்பக்கப் பூட் மூடிக்குக் க்ளே போட ஆரம்பிக்கும்போது கட்டி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டது. தரையில் விழுந்த க்ளேயில் மண் ஒட்டிக்கொள்ளும். தூக்கிப் போட வேண்டியதுதான். வேறு கட்டி இல்லை. பூட் மூடியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பையை மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார். பூட் மூடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாகத் தடவினார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு, மச்சான்" என்றார்.

அவர் முகம் கழுவப் போனதும் அந்தப் பையை எடுத்து நானே மாட்டிக்கொண்டு தடவினேன். ரவையைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. நான் அங்கேயே நின்றேன். கண்ணுக்கு அடுத்து விரலும் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. இதை எப்படி அவரிடம் சொல்வது? தங்கையிடம் சொன்னால் அவள் அன்றைக்கே அவரிடம் கேட்பாள். அவருக்கென்று இந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே வேலை அதுதான். நான் பையைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்த் தங்கை கொடுத்த மைலோவைக் குடித்தேன். எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லா இருக்காரு என்றேன்.

அதற்குப் பிறகு அவர் தடவுவதற்கு முன்பே எல்லா இடத்தையும் நான் இரண்டு முறை சரிபார்த்துவிடுவேன். அவர் எது சொன்னாலும் பொய்யாகிவிடக் கூடாது என்று.

சில வாரம் கழித்து என் காரில் அவரைப் பிரிக்பீல்ட்ஸுக்குப் பசியாறக் கூட்டிப்போனேன். அங்கே பார்வையில்லாதவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் கற்கள் பதித்திருப்பார்கள். காலால் தடவியே வழி தெரிந்துகொள்ளும்படி மேடு மேடாக இருக்கும். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், "மஞ்சக் கல்லு இன்னும் வரலயா மச்சான்?" என்று கேட்டார். நாங்கள் காரை விட்டு இறங்கியதிலிருந்து அதன் மேல்தான் நடந்துகொண்டிருந்தோம். மெல்லிய ரப்பர் செருப்பு. எனக்கு அந்த மேடுகள் உள்ளங்காலில் குத்திக்கொண்டிருந்தன. இந்த ரோட்டில் கல் பெயர்ந்துபோய்க் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவரைத் தோசைக் கடைக்கு அழைத்துப்போனேன். அன்றும் தங்கையிடம் சொல்லவில்லை.

கடைசியாக நாங்கள் கழுவிய நாளில் நான் தாமதமாகப் போனேன். லோரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. ஆரம்பிக்கும்போதே பத்தரை ஆகிவிட்டது. கார் பாதி போர்ச்சிலும் பாதி வெளியிலும் நின்றது. அவர் கேட்டுக்கு வெளியே, தார் ரோட்டில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன பக்கம் தண்ணீர் அடித்தார். நானும் ஒருமுறை அங்கே கால் வைத்தேன். சூடு தாங்காமல் நிழலுக்குத் துள்ளி வந்துவிட்டேன். அவர் அப்படியே நின்றார்.

தார் சுடவில்லையா என்று கேட்டேன். பழகிப்போச்சு என்றார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நான் தொடர்ந்து கழுவினேன். கால் மணி நேரம் இருக்கும்.

நான்கு நாள் கழித்துத் தங்கை படுக்கை விரிப்பில் ஈரத்தைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்பளித்து உடைந்திருந்தது. வலது காலில் சீழ் வைத்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலில் உணர்ச்சி இல்லாமல் போய் எவ்வளவு நாளாகிறது என்று டாக்டர் கேட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அவருக்கு நன்றாகத் தெரியும் என்றாள் தங்கை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் காலைத் தொட்டுக் கேட்பார்களாம், தெரிகிறது என்றுதான் அவர் சொல்வாராம். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

முதலில் வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். அன்று மாலை தங்கை கீழே கேன்டீனுக்குப் போயிருந்தபோது அவர் என் கை எங்கே என்று துழாவினார். கொடுத்தேன்.

"அன்னிக்கு பூட் மூடிக்கு நீங்க க்ளே போடல, இல்ல?"

தெரியுமா என்று கேட்டேன்.

"வெரலுக்குத் தெரியல. பை சத்தம் கேட்டுச்சு. கரகரன்னு."

"அப்புறம் ஏன் கண்ணாடி மாதிரின்னு சொன்னீங்க?"

"கையும் போச்சுன்னு சொன்னா சனிக்கிழம வந்து என்னா செய்வீங்க? எதிர்ல ஒக்காந்து என்னையப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. அது வேணாம்னு நெனச்சேன் லா."

அவர் மறைத்ததை நான் மறைத்தேன், நான் மறைத்தது அவருக்குத் தெரிந்தே இருந்தது. எட்டு மாதம் இருவரும் ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்றார். சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் காபியோடு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு மத்தியானம், தங்கை அவர் உதட்டில் தண்ணீர் தடவிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, தங்கை அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூட் மூடி, மஞ்சள் கல், தார் ரோடு. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. பூட் விஷயம் எப்போது நடந்தது என்று மட்டும் கேட்டாள். எட்டு ஒன்பது மாதம் இருக்கும் என்றேன். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, அதை மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"நான் ஒங்கிட்ட கேட்டேன்ல, அண்ணே."

அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காரை வாங்க தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒருவர் வருவதாகத் தங்கையின் மகள் எனக்குச் செய்தி அனுப்பினாள். அது ஒரு சனிக்கிழமை. போகும்போது அழுக்காகப் போகக் கூடாது என்று இரண்டு வாளியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். கேட் பூட்டியிருந்தது. தங்கை ஏற்கெனவே கழுவிக்கொண்டிருந்தாள்.

செருப்புப் போட்டிருந்தாள். ஒரே வாளி. பாத்திரம் கழுவும் சோப்பு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு. அதன் சொரசொரப்பான பச்சைப் பக்கத்தால் கதவை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். முன்பக்கம் சோப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் கழுவிவிடுகிறேன், கேட்டைத் திற என்றேன்.

"வேணாம். அவரு காரு. நானே கழுவிக்கிறேன்."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையா அழுகையா என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. கூரை, கதவுகள், பூட் என்று ஒன்றுவிடாமல் தேய்த்தாள். பதினோரு வருடம் நாங்கள் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்ட பெயிண்ட் முழுவதும் வலை பின்னியது. அப்படித் தேய்க்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை நின்றுவிட்டு, என் வாளிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் மகளின் படிப்பு விஷயமாக ஏதோ பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தங்கையே கூப்பிட்டாள். அவர் போய் ஏழு மாதமாகியிருந்தது. கார் கழுவிய அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவள் குரலைக் கேட்டேன். போனேன். போர்ச்சில் துணி காயப்போடக் கம்பி கட்டியிருந்தாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள். பாரத்தில் எந்த இடம் என்று விரலால் காட்டினாள். மகள் எந்த ஊரில் படிக்கப் போகிறாள் என்று பேசினோம். கிளம்பும்போது அவள் எழுந்து வரவில்லை. கேட்டைச் சாத்திவிட்டுப் போ என்றாள். சாத்திவிட்டு வந்தேன்.