வெளுத்துப் போன தாலி

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன வருஷம் என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு. ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இனிமேல் தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காய்ச்சல், சளி எதுவும் இல்லாமல் வர வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின சாயங்காலம் வீட்டில் கிடந்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை அவருக்கு வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அதை உதறியபோது மேசை விளிம்பில் பட்டு உடைந்தது. உள்ளே இருந்த பாதரசம் தரையில் குண்டு குண்டாக ஓடியது. ஒன்றைத் தொட்டால் இரண்டாகிறது, இரண்டும் கிட்டப் போனால் ஒன்றாகிறது. விஷம் என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் வழித்தெடுத்து ஒரு மருந்துப் போத்தலில் போட்டேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு நேரே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். தாலியைக் கையில் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, அவரை நல்லபடியாகக் கொண்டுவந்து விட்டுவிடு என்று வேண்டினேன். வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலையில் குளிக்கும்போது பார்க்கிறேன், தாலி வெள்ளையாக இருக்கிறது. ஈயம் பூசின பாத்திரம் மாதிரி.

சவர்க்காரம் போட்டேன், புளி போட்டேன், சாம்பலால் தேய்த்தேன். போகவில்லை. கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் அந்தத் தாலியோடுதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். வியர்வை, மழை, பாலை உறைய வைக்கிற ஆசிட், எல்லாம் அதன்மேல் பட்டிருக்கிறது. வெட்டுக்கத்தி துருப்பிடித்தது, செம்புக் குடம் பச்சை பூத்தது, தங்கத்துக்கு ஒன்றும் ஆனதில்லை. அவர் கத்திக்குப் போகிற நேரம் பார்த்து அது வெளுத்தால் நான் என்ன நினைப்பேன்? சேலைக்குள் மறைத்துக்கொண்டு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

மத்தியானம் குனிந்து அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தபோது தாலி வெளியே வந்து ஆடியது.

"என்னாடி, அதுக்கு வெள்ளை அடிச்சிட்டியா? ஆளு இன்னும் இருக்கேன்லா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதுதான் எனக்குத் தாலி வெளுத்ததைவிடப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் மருமகள் வந்தாள். இடைநிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். தாலியைப் பார்த்த உடனே, "அத்தே, எதத் தொட்டீங்க?" என்றாள். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அதப் போயி கையால அள்ளுவாங்களா? இது சகுனம் இல்ல அத்தே, பாதரசம். தங்கம் லேசுல யாரோடயும் சேராது. காத்து, தண்ணி, உங்க தோட்டத்து ஆசிட், எதுக்கும் மசியாது. பாதரசம் வந்தா மட்டும் ரெண்டோட அணுவும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கும்."

"பால்ல ஆசிட் ஊத்துனா கட்டிதான்லா" என்றார் அவர். "கட்டியானது திரும்பப் பாலாகி நான் பாத்ததில்ல."

"எல்லாப் பிடியும் ஒரே மாதிரி இல்ல மாமா. இது சூடு காட்டுனா விட்டுரும். பாதரசம் ஆவியாப் போயிரும், தங்கம் நிக்கும்."

"நிக்காட்டி?"

"நிக்காட்டி நானே டாக்டர்கிட்ட சொல்லி நாள மாத்துறேன். போதுமா?"

சரி என்றார். ஆனால் தாலியைக் கழற்ற வேண்டுமே! அவர் உயிரோடு இருக்கும்போது என் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. மருமகள் கீழே இறங்கிப் போய் மஞ்சள் கயிறும் ஒரு மஞ்சள் கிழங்கும் வாங்கி வந்தாள். ஊசி குத்திய கையோடு அவரே அதை என் கழுத்தில் கட்டினார். மூன்றாம் தடவைதான் முடிச்சு விழுந்தது. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் எட்டிப் பார்த்து, "காவின் லகி கா?" என்று, மறுபடியும் கல்யாணமா என்று, மலாயில் கேட்டார். "ஆமாம்லா, இவளையேதான்!" என்றார் இவர். அதன் பிறகுதான் பழைய தாலியைக் கழற்றினேன்.

நானும் மருமகளும் ஒரு நகைப் பத்தரின் பட்டறைக்குப் போனோம். அவர் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "அம்மா, நீங்க உள்ள வரப்படாது, இந்தப் புகை ஆளக் கெடுத்துரும்" என்று எங்களை வெளியிலேயே நிறுத்தினார். புகையை இழுத்து வெளியே விடுகிற குழாய் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் தாலியை வைத்து, நெருப்பைக் காட்டினார். நாங்கள் கடைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் வெள்ளை மங்கியது. அந்த இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. அது மெல்ல மெல்லப் பரவி தாலி முழுவதும் வந்துவிட்டது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. முந்தின சாயங்காலம் நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு நின்றபோதே என் கைக்குள் அவை ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. சத்தம் இல்லை, சூடு இல்லை, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை வருஷம் சமைத்திருக்கிறேன், துவைத்திருக்கிறேன், பால் உறைய வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்குள்ளும் இப்படித்தான் ஏதோ ஒன்று பிடிப்பதும் விடுவதுமாக இருந்திருக்கிறதா? மருமகளிடம் கேட்டேன். "ஆமா அத்தே, நீங்க மூச்சு விடுறதுல கூட" என்றாள். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

மெருகு போட்டுக் கொடுத்த தாலியை அவரிடம் கொண்டுபோனேன். கட்டை விரலால் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். பிறகு, "திரும்பிருச்சேலா!" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டது அந்தக் குரல். அதை என் கழுத்தில் போட்டுவிட்டு, "சரி. நாளைக்குப் போறேன்" என்றார்.

போனார். எனக்கு அவரை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மருமகள் சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. அணு, பிடி என்பதெல்லாம் அவள் சொன்னது, என் மனதில் நின்ற அளவுக்குத்தான் எழுத முடிந்தது. யாராவது பாதரசத்தைக் கையால் தொட்டுவிடப் போகிறார்கள், நெருப்பிலும் காட்டிவிடப் போகிறார்கள் என்று பயமாகவும் இருக்கிறது. படித்தவர்கள் யாராவது இதை ஒரு தடவை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.