மூன்று சிராவும் அத்தானின் பரிமாறலும்

பிரெஞ்சுப் பட்டாளம் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். சைகோனில் நான் வேலை பார்த்த ஒயின் கடைக்கு அந்தப் பட்டாளத்து அதிகாரிகள்தான் வாடிக்கை. அவர்கள் போனபின் கடை எதற்கு? பிரான்ஸுக்கு, மார்செய்க்கே திரும்பிவிடுவேன் என்று முதலாளி தினமும் மிரட்டிக்கொண்டிருந்தார். கடைசி நம்பிக்கையாக, ஆற்றங்கரையில் ஓட்டல் நடத்திய வியட்நாமிய அம்மாள் ஒருவர் ஒயின் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் எங்களிடம் எடுத்தால் கடை நிற்கும். இல்லையென்றால் நானும் என் அக்கா புருஷனும் தெருவில்.

காரைக்காலிலிருந்து அத்தானைக் கூட்டிவந்து அங்கே சேர்த்துவிட்டது நான்தான். ஊரில் கல்யாணப் பந்தியில் பரிமாறிப் பேர் வாங்கியவர். பிரெஞ்சில் ஒரு வார்த்தை வராது.

அன்று முதலாளி மூன்று புட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றும் சிரா என்கிற ஒரே திராட்சை. ஒன்று ரோன் நதிக்கரை, ஒன்று தென்பிரான்ஸின் கடலோரம், ஒன்று அல்ஜீரியா. இவற்றை எனக்குப் பலமுறை நாக்கில் வைத்துக் காட்டியிருக்கிறார். ரோனில் மிளகு வாசம் ஏறும். கடலோரத்தது நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி. அல்ஜீரியாவுக்குப் பேரீச்சம்பழ வாசம். இரண்டு வாய்க்குள் தலை கனக்கும். ருசித்ததைத் துப்பவேண்டும், எல்லாரும் ஒரே வாளியில். அதைப் பார்த்தால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

அம்மாள் உட்கார்ந்ததும் ஐஸ் கேட்டார். முதலாளி முகம் சுருங்கிவிட்டது. ஐஸ் கிடையாது என்று சொல்லிவிட்டு, ரோன் கிளாஸை நீட்டி மிளகைப் பிடித்துக்கொண்டார். தெரிகிறதா, நன்றாக மோந்து பாருங்கள், இப்போது? கால் மணி நேரம் மிளகு. மிளகுதான் வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிக்கொள்வேனே என்றார் அம்மாள். நியாயம்தானே?

ஊற்றுவது அத்தான் வேலை. இரண்டு விரல் உயரத்துக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கிளாஸ் என்று காலையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அம்மாள் அல்ஜீரியாவைக் கொஞ்சம் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அத்தானுக்குக் கை நிற்கவில்லை. பந்தியில் இலை காலியானால் வருகிற அதே பதற்றம். கையில் அகப்பட்ட ரோன் புட்டியைச் சாய்த்து, அந்தக் கிளாஸையே தளும்பத் தளும்ப நிரப்பிவிட்டார். அம்மாள் சிரித்துக்கொண்டே எடுத்துக் குடித்தார். மறுபடியும் குடித்தார். இதுதான் பிடித்திருக்கிறது, இதையே அனுப்புங்கள் என்றார்.

ஊற்றியதைக் கவனிக்காத முதலாளி எந்தப் புட்டி என்று என்னிடம் கேட்டார். நான் அத்தானை முறைத்தேன்.

"வந்த பொம்பளைய அரைக் கிளாஸோட உக்கார வச்சிருக்கீங்க. பாக்கச் சகிக்கல மாப்ளே" என்றார் என் காதில்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். சொல்லாவிட்டாலோ ஓட்டலுக்கு வேறு சரக்கு போய்ச் சேரும். இரண்டும் கலந்துவிட்டது, முசியே என்றேன்.

அம்மாளுக்கு அதில் குறையே இல்லை. இரண்டையும் அனுப்புங்கள், நாங்களே கலந்துகொள்கிறோம், ஐஸும் போட்டுக்கொள்கிறோம் என்றார். அப்போதாவது இந்த மனுஷன் சரி என்றிருக்கலாம். நாடே கைவிட்டுப் போகிறது, இவருக்கு ரோன் ஒயினில் ஐஸ் விழுவது பொறுக்கவில்லை.

"கலப்பதற்கு நான் ஒயின் விற்பதில்லை, மதாம்."

சோலோன் பேட்டையில் சீனர் கடையில் கேள்வி கேட்காமல் தருவார்கள் என்று சொல்லி அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

முதலாளி பெட்டி கட்டத் தொடங்கினார். நான் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போய் வேலை கேட்டேன். அம்மாளுக்கு என் முகமே நினைவில்லை. தளும்ப ஊற்றினாரே, அவர் எங்கே, அவரை அனுப்பு என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவருக்குப் பிரெஞ்சும் வராது, வியட்நாமியும் வராது என்றேன். அப்படியானால் பேசுவதற்கு நீயும் கூட வா என்றார்.

அப்புறம் தினமும் அத்தானுக்குப் பக்கத்தில் நின்று, போதும் என்று நீங்களாகச் சொன்னால்தான் இவர் நிறுத்துவார் என்று விருந்தாளிகளிடம் பிரெஞ்சில் சொல்வதே என் உத்தியோகமாகிவிட்டது.