கிளறிற்றாவின் இருபத்தெட்டுக் கட்டங்கள்

2024 மே 4 – 62 பவுண் 40
2024 மே 18 – 48 பவுண்
2024 யூன் 8 – 75 பவுண் 60

வால்தம்ஸ்டோவில் கிளறிற்றா நடத்தும் சிற்றுண்டிச் சமையலறைக்கு வரவேண்டிய காசில் வெட்டப்பட்ட தொகைகள் இவை. ஐந்து கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் சனிக்கிழமைதோறும் அவரிடம் ரோல்ஸும் கட்லட்டும் பற்றிஸும் எடுத்தது. கேட்ட எண்ணிக்கைக்குக் குறைந்தால் வெட்டு. மூன்றாம் வெட்டோடு சொல்லிவிட்டார்கள்: இன்னும் நான்கு சனி பார்ப்போம், ஒன்றிலாவது குறைந்தால் ஓடர் இல்லை. அது போனால் தன்னோடு நிற்கும் ஐந்து பெண்களில் இருவரை நிறுத்தவேண்டி வரும். யாரை என்று நினைக்கவே கிளறிற்றாவுக்கு மனம் வரவில்லை.

மன்னாரிலிருந்து வந்த புதிதில் எட்மண்டனில் ஒரு கணக்காளரிடம் வேலை செய்தவர் அவர். எக்செல் கைவந்தது. அதில் சொல்வர் என்றொரு வசதி உண்டு. எந்தக் கட்டங்களை மாற்றலாம், எந்த எல்லையை மீறக்கூடாது என்று காட்டிவிட்டால், தானே மாற்றிப் பார்த்துப் பொருந்தும் எண்களைத் தரும். கிளறிற்றா முதலில் காட்டியவை மூன்றே கட்டங்கள்: வெள்ளிக்கிழமை செய்யும் ஆட்டிறைச்சி ரோல்ஸ், மீன் கட்லட், மரக்கறிப் பற்றிஸ். ஆறு பேரின் நேரத்தையும் ஒன்றாய்க் கூட்டிக் கொடுத்தார். நேரம் தாராளம் என்றது சொல்வர்.

பிறகேன் குறைகிறது? ஆளுக்கு ஆள் வேலையைப் பிரித்துப் பார்க்கலாமென்று கட்டங்களைப் பதினெட்டாக்கி, வந்த விடையை யூன் 12, புதன்கிழமை சுவரில் ஒட்டினார். அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான சுவர்ணா கிட்டப் போய் வாசித்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை எனக்கு நூற்றிருபது ஆட்டிறைச்சி ரோல்ஸ் போட்டிருக்கு. உங்கட கொம்பியூட்டர் என்ர விரதத்தை முறிக்கவெண்டே நிக்குது."

"அது வேதக்காரக் கொம்பியூட்டரடி," என்றாள், கிளறிற்றாவைப் போலவே கிறிஸ்தவளான இம்மாகுலேற்.

"தவக்காலத்து வெள்ளியில வேதக்காரரும் மச்சம் தொடமாட்டினம். நீ பேசாம இரு."

எல்லோரும் சிரித்தார்கள். கிளறிற்றா சிரிக்கவில்லை. ஏழு வருடமாய்ப் பார்த்ததுதான். வெள்ளியென்றால் சுவர்ணாவோடு நான்கு பேர் விரதமென்று மரக்கறி மேசைக்குப் போய்விடுவார்கள். இறைச்சியும் மீனும் அவரும் இம்மாகுலேற்றும் மட்டுமே. நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதாலேயே அதைக் கணக்கில் எழுதத் தோன்றவில்லை. கடை கேட்கும் எண்ணிக்கை அவர் மாற்றக்கூடியதல்ல. யார், எந்த நாள், எதைச் செய்வது என்பதுதான் அவர் கையில் இருந்தது.

அன்று பின்னேரமே திரும்ப உட்கார்ந்தார். ரோல்ஸையும் கட்லட்டையும் வியாழனே உருட்டிக் குளிரில் வைத்து வெள்ளி பொரிக்கலாம். ஆறு பேர், இரண்டு நாள், மூன்று பண்டம்: முப்பத்தாறு கட்டங்கள். நான்கு பேரின் வெள்ளிக்கிழமை இறைச்சி, மீன் கட்டங்கள் எட்டையும் பூச்சியமாக்கிப் பூட்டினார். மிச்சம் இருபத்தெட்டு. முதல் விடையில் சுவர்ணாவுக்கு 73.4 ரோல்ஸ் விழுந்தது. முழு எண்ணாகத்தான் வேண்டும் என்று சேர்த்ததும் சரிவந்தது. வியாழன் எல்லோருக்கும் மச்சம், அதாவது இறைச்சியும் மீனும். வெள்ளி நான்கு பேர் மரக்கறி, இரண்டு பேர் பொரிப்பு.

மூன்று சனி குறையில்லாமல் போயிற்று. நான்காவதற்கு முதல்நாள் இம்மாகுலேற்றுக்குக் காய்ச்சல். ரயில் வேலை முடிந்து வந்த தன் கணவர் கிறிஸ்துராஜாவைப் பிடித்து எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிறுத்தினார் கிளறிற்றா.

"இருபத்தெட்டுக் கட்டத்தில நான் எதிலயப்பா நிக்கிறன்?"

"நீங்கள் கணக்கில இல்லாத ஆள். கதைக்காமல் பிரட்டுங்கோ, கருகுது."

இரண்டு தட்டு கொஞ்சம் கருகித்தான் போனது. அவற்றை வீட்டுக்கென்று ஒதுக்கிவிட்டு, மாவும் இறைச்சியும் மிச்சமிருந்ததால் மாலைக்குள் புதிதாய்ச் செய்து ஈடுகட்டினார்கள். சனி காலை, கேட்ட எண்ணிக்கை குறையாமல் வான் வண்டி நிறையப் போனது.

ஓடரை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டுகிறோம் என்று நிறுவனம் எழுதி, அந்த விவகாரத்தை முடித்துவைத்த கடைசிக் கடிதம் வந்தது 2024 யூலை 11, வியாழக்கிழமை.